குறிஞ்சாக்கேணித் தையல் வகுப்பு

கிண்ணியா,
12 ஜனவரி 2025

சிவரூபி அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்ததும் உங்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். இத்தனை வருடம் நீ, வா, போ என்று அழைத்த பிள்ளைக்கு இப்படி எழுத எனக்கும்தான் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

வட்சப்பில் உங்களை நானே தடுத்துவிட்டேன். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் உங்கள் கூட்டு நிதியத்தின் ஐந்து கொடையாளர்களுக்கும் பிரதி போகிறது. போன மாதம் மலசலகூடக் கதவு உடைந்ததை உங்களுக்கு எழுதப்போக, எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒரு துரை 'மிகவும் வருந்துகிறோம்' என்று பதில் போட்டிருந்தார். அதனால்தான் கடதாசி. கொழும்பு பஸ் கொண்டக்டர் முனாப் நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் படிக்கமாட்டார், படித்தாலும் யாருக்கும் பிரதி போடமாட்டார்.

விஷயம் அந்தப் பெயர்ப்பலகை. நான் திருகோணமலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உங்கள் ஆட்கள் வந்து, குறிஞ்சாக்கேணி வீட்டு முகப்பில் அதை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். 'வெளிநாட்டிலிருந்து திரும்பிய பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம்.' கீழே ஐந்து சின்னங்கள், வரிசையாக. கடைத்தெருவிலிருந்து வாசிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

கொழும்புக் காற்றில் உங்களுக்கு மறந்துபோயிருக்கும், அதனால் சொல்கிறேன். அந்த வீடு ஊருக்குத் தையல் வகுப்பு. நீங்களும் நானும் சேர்ந்து அப்படித்தான் தொடங்கினோம். சவூதியிலோ குவைத்திலோ சம்பளமில்லாமல், அடிபட்டு, பாதியில் ஓடிவந்த பெண் நேரே தன் வீட்டுக்குப் போகமுடியாது. போனால் அவளுக்கு அங்கே ஒன்றும் நடக்காமல் இருந்தாலும், இங்கே கதை நடக்கும். கையில் ஒரு சட்டைத் துணியோடு நம் வாசலுக்கு வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தத் துணிதான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. பலகை ஏறிய நாளிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. மிஷின்கள் துணி போர்த்தியபடி நிற்கின்றன.

பின்னறையில் ரபீக்கா மட்டும் இருக்கிறாள், மூதூர்ப் பெண். நவம்பரில் சவூதியிலிருந்து வந்தாள். இஸ்திரிக்கைப் பெட்டியால் சுட்ட கை இன்னும் ஆறவில்லை. மகள் பஹ்மியாவுக்குக் கலியாணப் பேச்சு முடிந்திருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும், இது உங்கள் ஊர் சல்லியிலும் உள்ள வழக்கம்தானே. வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரைக்காகத்தான் போனாள், கூரை இல்லாமல் வந்திருக்கிறாள். வீட்டில் உள்ளவர்களுக்கு இன்னும் சவூதியில்தான் இருக்கிறாள். கை ஆறட்டும், ஏதாவது வழி பிறக்கட்டும், நோன்புப் பெருநாளுக்கு வந்ததுபோல் போய் இறங்குகிறேன் என்கிறாள். அதுவரை அவளை மறைத்து வைப்பது என் பொறுப்பு. ஐந்து சின்னங்களுக்குக் கீழே எப்படி மறைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸல்ஹா


கொழும்பு,
17 ஜனவரி 2025

அன்புள்ள ஸல்ஹா ராத்தாவுக்கு,

உங்கள் 'அவர்களுக்கு' கிடைத்தது. இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் இங்கே குளிரூட்டிய அறையில் கதிரை தேய்க்கிறேன் என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள். ஆனால் முன்பு இருந்த நிலைமையையும் கொஞ்சம் நினையுங்கள். இந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கையேந்தினோம். ஒருவர் பயணத்துக்கு முன் கொடுக்கும் பயிற்சிக்கு மட்டும் தருவார். ஒருவர் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும். ஒருவருக்குச் சட்ட உதவி, ஒருவருக்குச் சுயதொழில். ஐந்தாமவருக்குப் பெண்கள் என்றால் சம்மதம், வெளிநாடு என்ற சொல் மட்டும் வரக்கூடாது. ஒரே பெண்ணை ஐந்தாக வெட்டி ஐந்து அறிக்கைகளில் எழுதினோமே, மறந்துவிட்டதா? அவர்களை ஒரே மேசையில் கொண்டுவந்து இருத்தியது நான்தான். எவ்வளவு பாடுபட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. சின்னங்கள் எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதற்கே இரண்டு கூட்டம் போனது ராத்தா. கடைசியில் அடிமட்டம் வைத்து அளந்தார்கள்.

ஐவரும் கையொப்பமிட ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. தையல் வகுப்பு என்று எழுதினால், இதில் புலப்பெயர்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அதனால் உள்ளதை எழுதினேன். உள்ளதை எழுதியது குற்றமா? பலகை வைப்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, பதினாறாம் பக்கம். நீங்களும் ஒப்பமிட்டிருக்கிறீர்கள்.

சரி, கழற்றச் சொல்லிக் கேட்கிறேன். ஐவரும் சம்மதிக்கவேண்டும், அடுத்த கூட்டம் மார்ச்சில்தான். அதற்குமுன் பெப்ரவரியில் அங்கே வந்து பார்க்க விரும்புகிறார்கள். கண்ணால் கண்டால் அவர்களுக்கும் விளங்கும், அதுதான் எனக்கும் வேண்டும். ஐவர் சார்பில் ஒருவர் மட்டும் வருவார். படம் எடுக்கமாட்டார்கள். இது என் வாக்கு.

ஒன்று கேட்கவேண்டும். டிசம்பரில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் தினமும் கஞ்சி கொண்டுபோயிருக்கிறீர்கள். 'ரூபியிட்டச் சொல்லவேணாம்' என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஏன் ராத்தா? என்மீது கோபமென்றால் அது என்னோடு இருக்கட்டும். அம்மா கட்டிவைத்த கருவாட்டுப் பொதி இன்னும் உங்களுக்காகச் சல்லியில் கிடக்கிறதாம்.

உங்கள்,
ரூபி


கிண்ணியா,
26 ஜனவரி 2025

ரூபி,

பதினாறாம் பக்கம் இங்கிலீசில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியது நீதான். 'இது வழமையான விஷயம் ராத்தா, சைன வையுங்க' என்றாய். நான் கடதாசியை நம்பி ஒப்பமிடவில்லை, உன்னை நம்பித்தான் வைத்தேன்.

பலகையின்மேல் ஜன்னல் சீலையைக் கட்டிவிட்டேன். காற்றடித்தால் ஒவ்வொரு சின்னமாக எட்டிப்பார்க்கிறது.

வரட்டும், ஒருவர் வரட்டும். பாலத்தடியில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஓட்டோவில் வரவேண்டும். தையல் வகுப்புக்கு வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார், துணியோடு வருவார். நீயும் துணியோடு வா. அளவெடுக்கிற சாட்டில் கதைக்கலாம். பழைய பெண்கள் கொஞ்சப்பேரை நம்மிடம் தைத்த ஹுஸ்னியாவை விட்டுக் கூப்பிடுகிறேன். அவள் போனால் மறுக்கமாட்டார்கள். ரபீக்காவை யாருக்கும் காட்டமாட்டேன்.

கஞ்சி உன் அம்மாவுக்குக் கொடுத்தது. உனக்கு ஏன் சொல்லவேண்டும்?

ஸல்ஹா


கொழும்பு,
22 பெப்ரவரி 2025

அன்புள்ள ராத்தா,

வாகன விஷயத்தில் நீங்கள் என்னை என்ன திட்டினாலும் தகும். ஒருவர்தான் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில், தனக்காக இன்னொருவர் பார்த்துவிட்டு வந்து சொல்வதை ஏற்க யாருக்கும் மனம் வரவில்லை. ஐவரும் புறப்பட்டார்கள், ஐந்து வாகனத்தில். ஒருவர் வாகனத்தில் இன்னொருவர் ஏறுவதற்கு அவர்கள் காப்புறுதி இடம் கொடுக்காதாம். கிண்ணியாப் பாலத்தை அந்த வரிசை நிற்காமலே கடந்தது. குறிஞ்சாக்கேணிச் சனம் கலியாண வீடு என்று நினைத்து எழும்பி வந்ததே, அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் உங்கள் வார்த்தையை நான் மறக்கவில்லை. வெறுங்கையோடு வரவில்லை. புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் ஒரு கட்டுத் துணி வாங்கி, எல்லாருக்கும் வெட்டிக்கொண்டு வந்தேன். ஊதாவில் சின்ன வெள்ளைப் பூ, நல்ல பருத்தி. பெண்கள் அதைத் தடவிப் பார்த்த விதத்தில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பெருநாளுக்குத் தைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

நீங்கள் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் குசினிக்குள் போய் ரபீக்காவைக் கண்டேன். கோபிக்கவேண்டாம். கையைக் காட்டினா. அந்தக் கையோடேயே எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தா. அவவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். 'மகளுக்கும் ஒண்டு தருவீங்களா?' என்று கேட்டா. கொடுத்தேன்.

திரும்பி வரும்போது வாகனங்களை நிறுத்தி, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஐவரும் அதைத்தான் கதைத்தார்கள். தையல் வகுப்பு என்ற போர்வையில் இப்படியொரு வேலை நடக்கிறதா என்று அவர்களுக்கு ஆச்சரியம். மற்ற மாவட்டங்களுக்கும் முன்மாதிரியாக இதை எழுதி அச்சிடவேண்டும் என்கிறார்கள். என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பலகையைக் கழற்றுவதைப் பற்றியும் இப்போது நல்ல மனநிலையில் இருக்கிறார்கள்.

ரூபி


கிண்ணியா,
4 ஏப்ரல் 2025

ரூபி,

பெருநாள் முடிந்துவிட்டது. நீயே தெரிந்துகொள்ளும்முன் நானே எழுதிவிடுகிறேன்.

வழியொன்றும் பிறக்காததால் ரபீக்கா வீட்டுக்குப் போகாமல், நோன்பு முழுவதும் இருந்து மகளுக்குச் சட்டை தைத்தாள். கழுத்துக்குக் கைவேலை செய்தாள். சுட்ட கையால் ஊசி பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து. அதைச் சவூதியிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்ததுபோலப் பொதி கட்டி மூதூருக்கு அனுப்பினோம். பொதி கட்டியதும் நான்தான். துணியைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெருநாளன்று மாப்பிள்ளை வீட்டார் பஹ்மியாவைக் கிண்ணியாவுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அவள் உம்மா அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதே ஊதா, அதே வெள்ளைப் பூ. மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த வீட்டு ஹுஸ்னியா அதைத்தான் உடுத்திருந்தாள். தெருவில் போன இன்னும் மூன்று பேரும் அதைத்தான் உடுத்திருந்தார்கள். ஐந்து வாகனம் வந்த நாளில் யார் யார் அந்தத் துணிப் பொதியோடு எங்கள் வீட்டிலிருந்து இறங்கிப் போனார்கள் என்று ஊருக்கு மனப்பாடம். இந்தத் துணி கிண்ணியாவில் ஒரு கடையிலும் இல்லை. ஊருக்குப் பெயர்ப்பலகை என்றால் 'போட்'; இப்போது இந்தத் துணிக்கு 'போட்டுத் துணி' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, சோறு பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறாள், 'சவூதியிலயும் இந்தத் துணிதான் விக்கிறாங்களா மகள்?' பஹ்மியாவுக்கு விளங்கவில்லை. ஓம் என்றிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் நௌபர் வந்தார், ரபீக்காவின் புருஷன். சத்தம் போடுவார் என்று பயந்துபோய் நின்றேன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்த மீன்பெட்டியைக்கூட இறக்காமல் கேட்டார்.

'எத்தின நாளா இஞ்ச இரிக்கா?'

'நவம்பரிலருந்து.'

'நான் ஒவ்வொரு நாளும் இந்தப் பாலத்தாலதான் மீன் கொண்டு போறன் ராத்தா.'

ரபீக்கா வெளியே வந்து நின்றாள். கையைப் பார்த்தார். 'ஏறு' என்றார். ஏறிப் போனாள். எனக்கு அந்த மனிதர் மீது கோபமே வரவில்லை ரூபி. பெண்சாதி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை ஒரு துணித்துண்டு வந்து சொல்லவேண்டியிருந்ததே என்ற வெட்கம் அவருக்கு.

மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை முறிக்கவில்லை. அது அதைவிடக் கேவலம். 'ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள வீடு முடிஞ்சாப் பாப்பம்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உம்மா போன கதையையும் வந்த கதையையும் ஒரு கூரையால் மூடிவிடலாம் என்று அவர்களுக்கு எண்ணம்.

உன் ஐவரிடமும் கேள். பயிற்சிக்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர், சுயதொழிலுக்கு ஒருவர் என்றாயே. அவள் எதற்காகப் போனாளோ அந்தக் கூரைக்கு யார் இருக்கிறார்? ஜூன் தொடக்கத்தில் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்குமுன் கூரை ஏறினால் ரபீக்கா ஊரில் தலைநிமிர்ந்து இருப்பாள். ஏறாவிட்டால் திரும்பப் போய்விடுவாள். நான் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். உன்னிடம் கெஞ்ச எனக்கு வெட்கமில்லை.

முன்மாதிரி என்று எதையோ அச்சிடப்போகிறாயாமே. அச்சிட்டாயானால் நாட்டிலுள்ள ஒவ்வொரு தையல் வகுப்பையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கும். ஒன்றையாவது விட்டுவை.

ஸல்ஹா


கொழும்பு,
11 ஏப்ரல் 2025

ராத்தா,

அந்தத் துணியை நான் கடையில் நின்று அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். நிறம் போகுமா என்று தண்ணீர் கேட்டு நனைத்துக்கூடப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே துணி கொடுத்தால் யாருக்கும் மனவருத்தம் வராது என்று நினைத்தேன். எட்டு வருடம் அந்த வீட்டில் உங்களோடு இருந்தும், ஆளுக்கொரு துணி வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே எல்லாவற்றையும் ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கிட்டுப் பங்கிட்டு மூளை அப்படிப் பழகிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் பெயர்களை மறைத்து, மார்ச்சிலிருந்து தள்ளிப்போன கூட்டத்தில் வாசித்தேன். வாசிக்கும்போது அழுதுவிட்டேன், அது எனக்கு அவமானம்தான், பரவாயில்லை. முதலில் ஒருவர், கூரை போடுவது வீடமைப்பு, புலப்பெயர்வு அல்ல என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், 'கூரைக்காகத்தான் கப்பல் ஏறுகிறார்கள் ஐயா, கூரையை விட்டுவிட்டு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கிவந்தார்கள்.

இப்போது எல்லாம் மாறுகிறது. பலகை இல்லை, சின்னம் இல்லை. அச்சிடும் கதையையும் நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு தலைப்பு என்பதை விட்டுவிட்டுப் பணத்தை ஒரே பெட்டியில் போடப்போகிறார்கள். எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தந்த ஊரில் வேலை செய்கிறவர்களே தீர்மானிக்கலாம். கூரையும் போடலாம். நாம் ஆரம்பத்திலிருந்து கேட்டது இதைத்தானே?

நால்வர் ஒப்பமிட்டுவிட்டார்கள். ஐந்தாமவர் தன் நாட்டிலுள்ள சபையில் வைக்கவேண்டுமாம், அது மே மாதம் கூடும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ரபீக்கா அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ரூபி


கொழும்பு,
19 மே 2025

அன்புள்ள ராத்தா,

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. முனாப் நானாவிடம் கேட்டால் 'கையிலதான் குடுத்தன்' என்கிறார்.

ஐந்தாமவரும் ஒப்பமிட்டுவிட்டார்! இன்று காலையில்தான் செய்தி வந்தது. உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கூரைக்கு வேண்டியதை உடனே எடுக்கலாம், என்னிடம்கூடக் கேட்கவேண்டாம். மேசனைப் பிடியுங்கள். அடுத்த வாரம் நானே வருகிறேன், தனியாக, பஸ்ஸில்.

எங்கள் ரபீக்கா அக்காவால்தான் இந்த மாற்றம் வந்தது என்று, அவ பெயர் தெரியாமலே, ஐவரும் சொல்கிறார்கள்.

உங்கள்,
ரூபி


கிண்ணியா,
27 மே 2025

சிவரூபி அவர்களுக்கு,

நிதியம் திருந்தியது கேட்டுச் சந்தோஷம். மெய்யாகவே சொல்கிறேன், இனி வருகிற யாருக்காவது உதவட்டும். ஐவருக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கூரை ஏறிவிட்டது. நல்ல கூரைச் சீட், நான் போய்ப் பார்த்தேன். கலியாணம் ஹஜ்ஜுக்கு அடுத்த கிழமை. மாப்பிள்ளையின் உம்மா இப்போது 'நம்மட ரபீக்கா' என்கிறாள்.

ரபீக்கா மே இரண்டாம் திகதி போய்விட்டாள். முதல்தடவை அவளை அனுப்பிய அதே ஏஜென்சிக்காரன்தான். உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் மூதூருக்குக் கொண்டுபோய் அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். 'பொறுப்பம் ராத்தா' என்றுதான் சொன்னாள். இரண்டு கிழமை பொறுத்தாள். பிறகு அவன் வந்து முற்றத்தில் நின்று கூரை இல்லாத சுவரைப் பார்த்திருக்கிறான். கூரைக்குக் காணும் முற்பணத்தை எடுத்து நீட்டியிருக்கிறான். அவனுக்குக் கூட்டம் இல்லை, சபை இல்லை, இதற்குத்தான் செலவழிக்கவேண்டும் என்ற தலைப்பும் இல்லை. கை ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டானாம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து இப்போது வந்து நிற்கிற இடத்துக்கு அவன் பத்து நிமிடத்தில் வந்துவிட்டான்.

குறிஞ்சாக்கேணி வீட்டை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். ஊர் வாய்க்குப் பயம் என்றார். கொடுத்துவிட்டேன். மிஷின்களை ஹுஸ்னியாவும் மற்றப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பணத்தைக் கொண்டு வேறு வீடு எடுக்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் இனி எந்த வீட்டில் நான் மிஷின் வைத்தாலும் அது தையல் வகுப்பு என்று யார் நம்புவார்கள்? வரவேண்டாம். வந்தாலும் காட்ட ஒன்றுமில்லை. அம்மாவைப் பார்க்கச் சல்லிக்கு வந்தால் அது வேறு.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் நௌபரே கொண்டுவந்து ஏற்றினார். நானும் போயிருந்தேன். பெட்டியை மேலே போட்டுவிட்டு ரபீக்கா திரும்ப இறங்கிவந்து என் கையைப் பிடித்தாள். ஆறிய தோல் இன்னும் மழுமழுவென்றிருந்தது.

'ராத்தா, இந்த முறையும் சரிவராமத் திரும்பி வந்தா, நான் எங்க வந்து இறங்குற?'

ஐந்து பேரிடமும் கேட்டு எழுதுங்கள். அவசரமில்லை, இரண்டு வருட ஒப்பந்தத்தில்தான் போயிருக்கிறாள்.

ஸல்ஹா